ஏப்ரல் எட்டு

நான் சொல்லப்போவது நடந்தது. தூக்கக் கலக்கம் என்று என் தங்கை சொல்லிப் பார்த்தாள். பட்டப்பகல். அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன். 2025 ஆகஸ்ட் ஆறு, புதன்கிழமை.

என் பெயர் ஷெர்லின். குற்றாலத்தில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு சாப்ட்வேர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். தென்காசிப் பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு ஆப் செய்து கொடுத்திருந்தோம். அங்கே மெஷின் குறைவு. நோயாளிகளுக்குத் தேதி மாறி மாறி வரும். முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் போனில் ஆப் அடித்து ஞாபகப்படுத்தும். சென்டர் சர்வரிலிருந்து தேதி வெறும் எழுத்தாகத்தான் வரும். அதை கம்ப்யூட்டருக்குப் புரிகிற தேதியாக மாற்றும் வரியை எழுதியது நான். ஜூலை பதினைந்திலிருந்து ஓடியது. ஒரு புகார் இல்லை.

அன்று சாரல் பலமாக அடித்தது. கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டைப் பூட்டிவிட்டு செங்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கரண்ட் போனது. மணி 2.50.

டொக்... டொக்...

கதவைத் திறந்தேன். அறுபது வயதுக்கு ஒரு அம்மா. கையில் போன். மணிக்கட்டில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எம்மா, இது எனக்கு அடிக்கவே இல்ல. கொஞ்சம் பாத்துக் குடேன்."

கேட் பூட்டியிருக்கிறதே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

போனை வாங்கினேன். ஐஸ் மாதிரி இருந்தது. எங்கள் ஆப்தான். குருவம்மாள், சுந்தரபாண்டியபுரம். அடுத்த தேதி... ஏப்ரல் எட்டு.



சென்டர் அனுப்பியது 04/08. ஆகஸ்ட் நான்கு. முதலில் வருவது நாளா மாதமா என்று என் வரியில் நான் சொல்லவே இல்லை. ஜூலையில் 25/07 என்று வந்தபோது, இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் கம்ப்யூட்டர் தானாகச் சரியாக எடுத்துக்கொண்டது. 04/08ஐ ஏப்ரல் எட்டு ஆக்கிவிட்டது. முடிந்துபோன தேதி. முடிந்துபோன தேதிக்கு போன் அடிக்காது.

"என்னைக் கண்டுபிடிச்சு வந்தீங்களே, யாரும்மா சொன்னா?"

"எழுதுனது நீதான?"

குரல் கேட்டது. உதடு அதற்குப் பிறகுதான் அசைந்தது.

"எனக்கு இனி வேண்டாம். பக்கத்து மெஷின்ல ஆதம்னு ஒரு தம்பி. அவனுக்கு நாளைக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அடிச்சிரணும், என்ன?"

நாளை. 07/08. அதுவும் ஜூலை எட்டாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாவின் போனில் மணி பார்த்தேன். 2.50. என் லேப்டாப்பில் 3.04.

நிமிர்ந்தேன்.

வாசலில் யாரும் இல்லை.

கையைப் பார்த்தேன்...

போனும் இல்லை.

படியிறங்கி ஓடினேன். கேட்டில் பூட்டு அப்படியே தொங்கியது.

எங்கள் டீம் லீடர் பாண்டியராஜுக்கு போன் போட்டேன். தேதி தப்பாகப் போவதை மட்டும் சொன்னேன்.

"திங்கக்கிழமை ரிலீஸ்ல சேத்துருவோம். இப்ப வெளிய சொன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிரும்."

"நாளைக்குத் தேதி உள்ளவங்க?"

"நம்ம ஆப்பை நம்பியா ஷெர்லின் உயிரோட இருக்காவ?"

ஒரே வரி. ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டேன். ஆனால் அவர் ஒப்புதல் இல்லாமல் அது வெளியே போகாது. சென்டர் நம்பர் என்னிடம் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் என்ன சொல்வது? யார் தப்பு என்று கேட்பார்களே...

கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை சரியான வரி போனது. தேதிகளைச் சரிபார்த்தேன். ஆதம் என்ற பெயருக்கு எதிரே சென்டர்காரர்கள் ஏற்கெனவே குறித்திருந்தார்கள். சனிக்கிழமை இறப்பு.

மறுநாள் சுந்தரபாண்டியபுரத்துக்கு பஸ் ஏறினேன். குருவம்மாள் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மகள் ஸ்ரீதேவி நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"சென்டர்ல இருந்தா வாறீங்க?"

தலையாட்டினேன். அம்மா எப்போது தவறினார் என்று கேட்டேன்.

"செவ்வாக்கிழமை மயங்கி விழுந்தவதான். ஐசியூல வச்சிருந்தோம். பேச்சு மூச்சே இல்ல. புதன்கிழமை மத்தியானம் மூணு மணி தாண்டி ஒரு தடவ கண்ணைத் தொறந்தாவ. 'சொல்லிட்டு வந்துட்டேன் ஸ்ரீதேவி, அந்தப் பிள்ள சரி பண்ணிரும், ஆதம் பொழச்சிக்கிடுவான்'னாவ. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்படியே போயிட்டாவ."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யாருகிட்ட சொன்னாவன்னுதான் எங்களுக்குத் தெரியல," என்றாள். "அந்த ஆதம் அண்ணன் நல்லா இருக்காவளா? நீங்க பாத்திருப்பீங்களே."

"நல்லா இருக்கார்," என்றேன்.