டிராப் பை என்றதும் போய்விடக்கூடாது

உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். இடம் காலியாகக் கிடக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை.

ஆபீஸில் என் பக்கத்து மேசை ரேவதி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சு முடிகிற இடத்திலெல்லாம், "எனிடைம் வீட்டுக்கு டிராப் பை பண்ணுங்க லா" என்பார்.

அகராதியைப் பார்த்தேன். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குச் சும்மா எட்டிப் பார்ப்பது என்று போட்டிருந்தது. அதில் நமக்கென்ன கஷ்டம்?

இன்று லிட்டில் இந்தியாவில் மல்லிகைப்பூவும் லட்டும் வாங்கிக்கொண்டு நேரே உட்லண்ட்ஸில் அவர் வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினேன்.

பூட்டிய இரும்பு கேட்டுக்கு அந்தப் பக்கம் ரேவதி, தலையில் டவலோடு.

"அய்யோ கவிதா, என்ன ஆச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க, நீங்கதானே டிராப் பை பண்ணச் சொன்னீங்க..."

"அதுக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டு வரக்கூடாதா லா?" என்று சிரித்தபடி சாவி தேடப் போனார்.

சோபா நுனியில் உட்கார்ந்து மைலோ குடித்தேன். உள்ளே அவர் கணவர் சட்டை தேடும் சத்தம்.

கிளம்பும்போதாவது வாய் சும்மா இருந்ததா? பழக்கதோஷத்தில், "நீங்களும் ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க" என்றுவிட்டேன்.

ரேவதி உடனே போனில் காலண்டரைத் திறந்தார். "சனிக்கிழமை ஃப்ரீ. நாலு மணி ஓகேதானே? போட்டுட்டேன்."

நான் இருப்பது இன்னொருவர் வீட்டில் ஒரு வாடகை அறை. விருந்தாளி வரக்கூடாது என்பதுதான் ஓனரம்மாவின் முதல் கண்டிஷன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு யாராவது உங்கள் வீட்டைக் கொடுங்களேன். இந்த முறை மெசேஜ் போட்டுவிட்டுத்தான் வருவேன்.