நோவதற்கு நியாயமில்லையாம்

"எலும்புத் தலையை எடுத்துப்போட்டு இரும்புத் தலை வைச்சிருக்கு. இனி நோகிறதுக்கு நியாயமில்லை."

கொழும்பில் எனக்குச் சத்திர சிகிச்சை செய்த பெரிய டொக்டர் கட்டிலடியில் நின்று இப்படிச் சொன்னபோது, நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஐந்து மாதமாக இடது காலைத் தூக்க முடியாமல் கிடந்தவளுக்கு அது தெய்வ வாக்குப் போல இருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று மாதமான பிறகும் நோ விடவில்லை. அந்த வசனம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் பல்லை நெறுமினேன்.

இது அறுபதுகளில் நடந்தது. குளத்தின் கீழ்க் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு யாழ்ப்பாணத்திலிருந்து கனகராயன்குளப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. விழுந்த வருஷம் எனக்கு நாற்பத்தொரு வயது. சூடு மிதித்து நெல் மூட்டை ஏற்றி வந்த வண்டியின் மேலே நான் இருந்தேன். வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் ஒரு சில்லு சேற்றில் இறங்கியது. வண்டி சாய, நான் விழுந்தேன். ஒரு மூட்டை என் இடுப்பில் விழுந்தது. முறிவு வைத்தியர் பச்சிலைப் பற்றுப் போட்டு, மட்டை வைத்துக் கட்டினார். ஆறு கிழமை கட்டோடு கிடந்தும் எலும்பு பொருந்தவில்லை. பிறகுதான் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படம் பிடித்துப் பார்த்து, தொடையெலும்பின் தலை உயிரற்றுப் போய்விட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது ஒரு தாதி விரல் மடக்கிச் சொல்லிவிட்டாள். நிலத்தில் இருக்கக் கூடாது, குந்தக் கூடாது, பதிந்த தாழ்வான கதிரையில் இருக்கக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. மீறினால் இரும்புத் தலை இடுப்புக் குழியை விட்டுக் கழன்றுவிடும். நான் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றேன்.

வீட்டுப் படலையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் எல்லாமே நிலத்தில் இருந்தது. அடுப்பு நிலத்தில், அம்மி நிலத்தில், அரிவாள்மணை நிலத்தில். படுப்பது பாய். சாப்பிடுவது பலகை போட்டு. இருந்த ஒரேயொரு கதிரை, வருகிற உத்தியோகத்தருக்காக வாங்கிய சாய்மனைக் கதிரை. அதில் இருந்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும். கக்கூசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காணியின் பின்புறம் குழி வெட்டி, கிடுகால் மறைத்தது. குந்தாமல் அங்கே ஒருவர் என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் கதிரை போல உயர்ந்த கக்கூசு இருந்தது. அதை வைத்துக்கொண்டு "குந்தாதே" என்று சொல்வது சுகம். வன்னியிலிருந்து வந்தவள் திரும்பிப் போய் எங்கே இருப்பாள் என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் தடி ஊன்றி, அரைவாசி நின்று, அரைவாசி தொங்கி, அழுதழுது காரியம் முடித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

நோ ஒரு விதமாக இருந்தால் சொல்லி விளக்கலாம். எழும்பி வைக்கும் முதல் பத்து அடிதான் கொடுமை. தொடைக்குள் யாரோ கடப்பாரையை விட்டுத் திருகுவது போல இருக்கும். பிறகு தணிந்து, முழங்காலில் போய் நிற்கும். மழை இருட்டினால் இரும்பு குளிர்வது எனக்குத் தெரியும். அப்படியெல்லாம் தெரியாது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்க மருந்துச்சாலையில் நோயாளரைப் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி என் கதையைக் கேட்டுவிட்டு, "ஒப்பரேசன் செய்தது இடுப்பில. நீங்கள் முழங்கால் நோகுது எண்டுறியள். ரெண்டுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லி, பூச எண்ணெய் தந்தார். அந்த எண்ணெயின் மணம் மட்டும் வீட்டில் ஒரு மாதம் நின்றது.

வீட்டு வேலைகளைப் பார்க்க என் கணவரின் தமக்கை வந்திருந்தா. நான் அவாவை மச்சாள் என்று கூப்பிடுவேன். உடம்பு முறிய வேலை செய்கிற மனுசி, அதை நான் மறுக்கமாட்டேன். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தலை வாரி, சோறு கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவாதான். ஆனால் வாய்?

"புண் ஆறிப்போச்சு. தழும்பும் வெளுத்துப்போச்சு. பேந்தென்ன நோ? பிள்ளை, கட்டிலில கிடக்கக் கிடக்க நோ கூடித்தான் தெரியும். மனத்தை வேறை பக்கம் திருப்பு."

"மனத்தைத் திருப்பலாம் மச்சாள். காலைத் திருப்பேலாமல் கிடக்கு."

அவா என் கணவரைப் பார்ப்பா. அவர் முற்றத்தைப் பார்ப்பார். இவ்வளவுதான் எங்கள் வீட்டுக் கதை.

நான் வீட்டுக்கு வந்த ஆறாவது மாதம் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அம்மா செத்துப்போனா. நான் கட்டுப்போட்டுக் கிடந்த நாளில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து பருக்கிய மனுசி. போகாமல் இருக்க என்னால் ஏலவில்லை. தடியோடு போனேன். பிணத்தைச் சுற்றிப் பெண்கள் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் எங்கே இருப்பது? சுவரோடு சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். தொடை நடுங்கத் தொடங்கியது. வெளியே ஆம்பிளைகளுக்குப் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றைக் கேட்டு எடுப்பித்து, தலைமாட்டுக்குச் சற்று அப்பால் போட்டு இருந்தேன்.

பின்னால் ஒருத்தி சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டுமென்றே: "செத்தவீட்டிலயும் அவாவுக்குச் சிம்மாசனம் வேணுமாம்."

நான் திரும்பினேன். "எனக்கு இரும்பு இடுப்பில. உனக்கு நாக்கில."

ஒப்பாரி ஒரு கணம் நின்று மீண்டும் தொடங்கியது. செத்தவீட்டில் சொன்னது பிழைதான். கஞ்சி தந்தவளின் காலடியில் வைத்துச் சொன்னது இன்னும் பிழை. ஆனால் சொன்ன சொல்லில் பிழை இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் மச்சாள் பிடித்துக்கொண்டா. "ஊரில தலை காட்டேலாமல் பண்ணிப்போட்டாய்."

அதே கிழமைதான் வவுனியாப் பக்கமிருந்து ஒரு முஸ்லிம் தச்சர் எங்கள் வண்டிக்கு ஏர்க்கால் மாற்ற வந்தார். ஐம்பது வயதிருக்கும். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, ஊரில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் குசினி வாசலிலிருந்து முற்றத்துக்கு வந்ததை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்க நோகுது?"

நோகுதோ என்று கேட்டிருக்கிறார்கள், இன்னுமா நோகுது என்று கேட்டிருக்கிறார்கள். எங்கே என்று அந்த முற்றத்தில் ஒருவரும் கேட்டதில்லை. தொடையைக் காட்டினேன். முதல் பத்து அடியைப் பற்றிச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மரத்துக்குள்ள இரும்பு அடிச்சாலும் இறுகிற வரைக்கும் அசையும்தான்" என்றார். "அதை விடுங்கோ. நீங்கள் இருக்கிறது எதில?"

"அதுதான் நானா கரைச்சல். இருக்க இடமில்லை."

அவர் ஒரு கயிற்றை எடுத்து என் பெரிய மகளிடம் கொடுத்தார். முழங்கால் மடிப்பிலிருந்து நிலம் வரைக்கும் அளந்து முடிச்சுப் போடச் சொன்னார். அந்த முடிச்சுக்கு மேலே நான்கு விரல் கூட்டி, கைபிடி வைத்த கதிரை ஒன்று செய்தார். கட்டில் கால்களுக்குக் கீழே வைக்க நான்கு கட்டை அறுத்தார். கடைசியாக, குரலைத் தாழ்த்தி என் கணவரிடம், நடுவில் வட்டமாக வெட்டிய பலகையோடு ஒரு முக்காலி செய்து கக்கூசுக் குழிக்கு மேலே வைக்கலாம் என்றார்.

என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஊர் சிரிக்கும்" என்றார்.

"ஊர் வந்தே எனக்குப் பதிலா இருக்கப் போகுது?" என்றேன். அவ்வளவு சத்தமாக அவரோடு நான் அதற்கு முன் கதைத்ததில்லை. "ஆறு மாதமா நான் என்னெண்டு போய் வாறன் எண்டு ஒரு நாளாவது கேட்டனீங்களோ?"

அவர் குளக்கட்டுப் பக்கம் போய்விட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து, நானாவிடம் முதிரைப் பலகை எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்காமலே புற்றுமண் கொண்டுவந்து குழைத்தார். கல் அடுக்கி, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதன் மேல் அடுப்பு வைத்தார். நின்றுகொண்டே சோறு வடிக்கலாம். ஒழுங்கையிலுள்ள பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மச்சாளுக்குப் பிடிக்கவில்லை. "நிண்டு சமைச்சால் வீட்டில சீதேவி இருக்கமாட்டாள்."

"அவளுக்கும் இருக்கேலாதாக்கும்" என்றேன். என் கணவர் அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

ஒரு வருஷம் முடிய, திரும்பவும் காட்டச் சொல்லிக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். மாங்குளம் ஸ்ரேசனில் கோச்சி ஏறிப் போனோம். அந்தப் பெரிய டொக்டர் ஏழெட்டு மாணவர்களோடு நின்றார். என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைச் சுவர் வரைக்கும் நடந்து வரச் சொன்னார். நான் நீண்ட நேரம் மர வாங்கில் இருந்துவிட்டு எழும்பியவள். முதல் பத்து அடி அவர்களுக்கு முன்னால்தான் வந்தது. வாயைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அவர் மாணவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீசில் சொன்னார்: "எக்சலன்ற் றிசல்ற். பெயின்லெஸ்."

வன்னியிலிருந்து வந்த குடியானவப் பெண்ணுக்கு என்ன விளங்கப் போகிறது என்று நினைத்திருப்பார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள்.

"நோ சேர்," என்றேன். "நொட் பெயின்லெஸ்."

ஒரு மாணவன் சிரிப்பை இருமலாக்கினான். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, படத்தில எல்லாம் சரியா இருக்குது."

"அப்ப படத்தை நடக்கச் சொல்லுங்கோ ஐயா."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நிறுத்த மனமில்லை. பத்து அடி, முழங்கால், மழை, படுக்கையில் காலைக் கையால் தூக்கிப் புரட்டுவது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் என்னைக் கட்டிலில் ஏறச் சொல்லி, தொடையை அழுத்திப் பார்த்தார். காலை மெதுவாகச் சுழற்றினார். ஒரு இடத்தில் நான் கத்திவிட்டேன்.

அவர் கையை எடுத்துவிட்டுப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "தலையோட சேர்த்து எலும்புக்குள்ள இறக்கின இரும்புத் தண்டு நூலளவு அசையுது போல. சில பேருக்கு அப்பிடி இருக்கிறது. ரெண்டு மூண்டு வருசம் எடுக்கும். முழுக்கப் போகாமலும் விடலாம்."

"உதை ஏன் ஐயா முதலே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் ஒப்பரேசனுக்குச் சம்மதிச்சிருப்பீங்களோ?"

"சம்மதிச்சிருப்பன். ஆனா ஒரு வருசமா எனக்கு விசரோ எண்டு நினைச்சிருக்க மாட்டன்."

அவருக்கு என்ன தோன்றியதோ தெரியாது. என் அட்டையில் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. டொக்டர்மார் அந்தக் காலத்தில் கேட்பதில்லை.

கூட்டம் நகர்ந்த பிறகு, மாணவிகளில் ஒருத்தி மட்டும் பின்தங்கினாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று பேச்சில் தெரிந்தது. "அம்மா, தடியை ஏன் நோகிற பக்கத்துக் கையில பிடிக்கிறியள்?"

"நோகிற பக்கத்துக்குத்தானே பிள்ளை தாங்கல் வேணும்?"

"இல்லையம்மா. மற்றக் கையில பிடிச்சு, நோகிற காலோட சேர்த்து ஊண்டுங்கோ. பாருங்கோ."

வலது கைக்கு மாற்றி நான்கு அடி வைத்தேன். பாரத்தில் கால்வாசியை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அடுத்த கணம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வருஷம்! வெட்டினவர், தைத்தவர், விரல் மடக்கிச் சட்டம் சொன்னவர், எண்ணெய் தந்தவர், அத்தனை பேரும் நான் தடியைப் பிழையான கையில் பிடித்து நடந்ததைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? கோச்சியில் வரும் வழியெல்லாம் அதைத்தான் என் கணவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். மதவாச்சி தாண்டும்வரை அவர் கேட்டார். பிறகு நித்திரையாகிவிட்டார்.

இரண்டாம் வருஷ முடிவில் பத்து அடி ஆறாகக் குறைந்தது. அடுத்த சிறுபோகத்தில் மூன்றாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை. வயலில் குனிந்து களை பிடுங்க நான் பிறகு போகவேயில்லை. களத்தில் நின்று தூற்றுவேன், நெல் அவிப்பேன். மச்சாள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனா. போன இரண்டு மாதத்தில் தன் குசினியிலும் ஒரு மேடை கட்டி அடுப்பு வைத்திருக்கிறா என்று கேள்விப்பட்டேன். என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள், சந்தையில் காண்கிறவர்கள், கோயில் வீதியில் மறிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கேள்வி இருந்தது: "இப்ப சுகம்தானே?" என் கணவர் நான் வாய் திறக்க முன்னமே, "ஓமோம், நல்ல சுகம்" என்று விடுவார். கேட்டவர் சந்தோஷமாகப் போய்விடுவார். இது பல காலம் நடந்தது. ஒரு நாள் சந்தையிலிருந்து வந்து வண்டியை விட்டு இறங்காமலே சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, நோ என்ரை. பதிலும் என்ரை."

அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரோ இல்லையோ என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமை கிராமசங்கத்தில் இருக்கிற ஒருவர் படலையில் நின்று, "என்ன, வீட்டுக்காரி சுகமாயிட்டாவோ?" என்று கேட்டார்.

"அவா இஞ்சதான் நிக்கிறா," என்றார் என் கணவர். "அவாவைக் கேளுங்கோ."

வந்தவர் தயங்கித் தயங்கி என்னைக் கேட்டார். நான் அவரை என் கதிரைக்கு முன்னால் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, முழுக்கச் சொன்னேன். அரை மணித்தியாலம் எடுத்தது. அவர் எழும்பிப் போகவில்லை.