முக்காடு போட்ட சூரியகாந்திகள்

கொழும்பில் சூரியகாந்தி விதை விற்கிறவனுக்கு இருக்கும் மரியாதை, கிளிக்குத் தீன் விற்கிறவனுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. எங்கள் விதைக்கடை வெள்ளவத்தையில். காலையில் ஹெந்தளைத் தோட்டத்தில் புது இனம் உருவாக்குவேன். பின்னேரம் கடையில் நின்று திட்டு வாங்குவேன். குட்டையாக, காற்றுக்குச் சாயாமல், நிறைய எண்ணெய் தரும் ஓர் இனம் கைகூடி வரும் நேரம் அது. "இந்தமுறை விதை சரியா வந்தா அடுத்த போகம் பெரிய காணி எடுப்பம்" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். முதலாளிமாரின் வாக்கை நம்பிப் பழகிய சகபாடிகளே, மேலே படியுங்கள்.

கிழக்கு வீட்டுக்காரி

ஹெவ்லொக் டவுனில் இருந்து ஓர் அன்ரி கோபமாகக் கடைக்கு வந்தார். எங்களிடம் விதை வாங்கி மதில் ஓரமாகப் போட்டிருக்கிறார். செடி நன்றாக வளர்ந்து பெரிய பூவும் பூத்திருக்கிறது. ஆனால் எல்லாப் பூவும் பக்கத்து வீட்டையே பார்க்கின்றனவாம். அந்த வீட்டுக்காரியோடு அன்ரிக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

மொட்டாக இருக்கும்வரைதான் அது சூரியனோடு திரும்பும், பூ முற்றினால் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும் என்று விளக்கினேன். அன்ரி அசையவில்லை. "தம்பி, தண்ணி ஊத்திறது நான், முகத்தைக் காட்டுறது அவளுக்கா? மேற்கால பாக்கிற விதை இருந்தா எடும்."

தலையாட்டிகள்

இன விருத்தியில் எந்தப் பூவின் மகரந்தம் எந்தப் பூவுக்குப் போகிறது என்பது முக்கியம். தேனீ அதையெல்லாம் பார்க்காது. அதனால் பூ விரியுமுன்பே ஒவ்வொன்றுக்கும் துணிப்பை மாட்டிக் கழுத்தில் கட்டிவிடுவோம். காலையில் பையைக் கழற்றி, தூரிகையால் மகரந்தம் தடவி, திரும்ப மூடுவோம்.

வவுனியாவில் காணி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரைத் தோட்டம் காட்ட அழைத்துப் போனேன். வரிசை வரிசையாக முகம் மூடிய தலைகள். காற்றடித்ததும் எல்லாம் ஒன்றாக ஆடின. மனிதர் வரம்பிலேயே நின்றுவிட்டார். யுத்தகாலத்தில் ஆமி சுற்றிவளைக்கும்போது, தலையாட்டிகள் முகத்தை மூடிக்கொண்டு வந்து, தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுத்ததைக் கண்டவர். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. "நான் இதுகளுக்கு முன்னால நடக்கமாட்டன் தம்பி. ஒண்டு ஆட்டினாலும் காணும், என்னை ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள்."

பொம்பிளை மாப்பிள்ளை

காய்ச்சலில் ஒரு நாள் படுத்தேன். மறுநாள் தோட்டத்துக்குப் போனால் பைகள் எல்லாம் வாய்க்காலில் கிடந்தன. பூக்கள் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தன, தேனீக்களுக்குக் கொண்டாட்டம். முதலாளியின் சிநேகிதர் மகளுக்குக் கல்யாணமாம். அதற்கு முன் படம் பிடிக்க இடம் தேடியிருக்கிறார்கள், முதலாளி தோட்டத்தைத் திறந்துவிட்டிருக்கிறார். கமராக்காரன் பைகளைக் கண்டதும், "என்ன இது, செத்தவீட்டுக் கோடித்துணி மாதிரி" என்று எல்லாவற்றையும் கழற்றச் சொல்லியிருக்கிறான்.

என் கையில் இருந்த விதை முழுவதும் அந்தப் பாத்திகளில்தான். இனி அங்கே விளைவது எந்தப் பூவின் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. அந்த இனம் போய்விட்டது. வரம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுத முகத்தோடேயே முதலாளியிடம் போனேன். அவர் போனில் அந்தப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குத் தவறவில்லை, அடுத்த போகத்துக்குப் பெரிய காணியே எடுத்திருந்தார். கல்யாணச் சோடிகள் படம் பிடிக்க இப்போதே இடம் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். "ஒரே ஒரு குறைதான் தம்பி. விதை பிடிச்சா பூ பாரத்தில தலையைக் குனிஞ்சிடுது, படத்துக்கு வடிவில்லை. விதை பிடிக்காத சாதி ஒண்டு கண்டுபிடியும்."

ஆக, சகபாடிகளே, விதைக்கடைச் சம்பளத்தில் விதையே பிடிக்காத பூவை உருவாக்கிக்கொண்டிருக்கும் ஒரே பயிர் விருத்தியாளன், அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.