முன்சீட்டுக்கு அடியில் இரண்டு வயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என் கார் நின்றுபோனது. மழைத்தண்ணீரில் இறக்கிக் கெடுத்ததாகச் சொல்லி டிரைவரை வேலையைவிட்டு நிறுத்தினேன்.

பிறகு வந்த எலக்ட்ரீஷியன் நல்ல பருமன். "எல்லா கம்ப்யூட்டரும் நல்லா கீது சார். ஒண்ணோட ஒண்ணு பேசிக்க மாட்டேங்குது" என்றார். காருக்குள் இருந்த சின்னச் சின்ன கம்ப்யூட்டர் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்து, "நீ இல்லப்பா" என்று தட்டிக்கொடுத்தார். கடைசியில் கார்பெட்டைத் தூக்கினார். முன்சீட்டின் இரும்பில் இரண்டு வயர்கள் நசுங்கி ஒட்டியிருந்தன.

"சீட்டை யாரு தள்ளனது?"

"நான்தான். கால் நீட்ட."

வயர்களைப் பிரித்துச் சரிசெய்தார். சாவிக்குக் கை நீட்டினேன். அவரோ அதை, சம்பளக் கணக்குத் தீர்க்க வந்து நின்ற டிரைவரிடம் கொடுத்து, "நீ போடு நைனா" என்றார். கார் கிளம்பியது. டிரைவர் ஹாரனை அடித்துத் தெருவையே திரும்ப வைத்தார்.

"இவுரு நாளிக்கு வருவாரு இல்ல சார்?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"வருவார்" என்றேன்.

அவரை நான் நிறுத்தியது எலக்ட்ரீஷியனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றும் புரியவில்லை.