பத்தாம் நம்பரை எவன் வாங்குவான்?

இன்று காலை அரியாங்குப்பம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் இருவர் எங்கள் ஃபுட்பால் டீமைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"நம்மாளுங்க ரெட்டியார்பாளையம் டீமோட மிட்ஃபீல்டரைக் கேட்டு, பதிலுக்கு நம்ம பத்தாம் நம்பரைத் தரோம்னாங்களாம். அவங்க வேணாம்னுட்டாங்களாம்."

"பின்ன? அவனை எவன் வாங்குவான்?"

அந்தப் பத்தாம் நம்பர் நான்தான்.

முழங்கால் வீங்கிய நாளிலும் இந்த டீமுக்காக ஆடியிருக்கிறேன். என்னைத் தள்ளிவிடப் பேசியதை ஒருத்தன்கூட என்னிடம் சொல்லவில்லை.

இறங்கியதும் கேப்டனுக்கு போன் போட்டேன்.

"உனக்கு எவன்டா சொன்னது?" என்கிறான். இல்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை!

"அத வுடு மச்சான். ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு சீக்கிரம் வந்துடு. உன்ன வுட்டா ஆளில்ல."

போகவா, வேண்டாமா? சொல்லுங்கள்.

அந்த முன் சீட்டுக்காரர்கள் மட்டும் சிரமப்பட வேண்டாம். அவர்கள் கருத்தைக் கேட்டுவிட்டேன்.