களத்தில் பெய்த கார்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் ஒரு கச்சேரி. நானே விலைக்கு வாங்கிய வம்பு!

நண்பர் ராமதுரை சென்னையில் சினிமாவுக்கு வாத்திய கோஷ்டி நடத்துகிறவர். கோடை, கார், பனி என்று பருவங்களை பிடில், செல்லோ, குழல், டிரம் வைத்து ஒரு மணி நேர இசையாக எழுதியிருக்கிறார். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. மழையை நம்பிப் பிழைக்கிறவர்கள் முன்னால்தான் முதலில் வாசிப்பேன் என்று ஒரே பிடிவாதம். நான் என்ன செய்தேன்? ஒரு ரைஸ் மில் கொட்டகையைப் பிடித்துக் கொடுத்தேன்.

வெளியே களத்தில் தேவராஜுலு நாயுடுவின் நெல். அவித்து உலரப் போட்டது... ஒரு போகம் முழுதும் அதுதான். நனைந்தால் நாறிவிடும். மேற்கே லேசாகக் கறுத்திருந்தது.

நாயுடுவும் ஊர் விவசாயிகளும் கோடையைப் பொறுமையாகக் கேட்டார்கள். கார்காலம் வந்தது. டிரம் கடகடவென்று உருண்டதுதான் தாமதம் —

"மய வந்துட்ச்சி! படுதாவ எடுங்கடா!"

நாயுடு பாய்ந்தார். பின்னாலேயே மொத்த சபையும்!

நெல்லை மூடிய பிறகுதான் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. மூடி வைத்தால் நெல் வேர்க்குமே? படுதாவைச் சுருட்டிவிட்டு அசடு வழியத் திரும்பினார்கள். ராமதுரையின் முகம் செத்துப்போயிருந்தது.

"ஏமாந்துட்டோம், நைனா. நீ வாசி. இனிமே எய்ந்துக்க மாட்டோம்" என்றார் நாயுடு.

கார்காலம் மறுபடி ஆரம்பம். இடி. ஒருவரும் அசையவில்லை. சற்றுப் பொறுத்து இன்னொரு இடி.

"இன்னாமா வாசிக்கிறான் பாரு!" என்று நாயுடு தலையாட்டினார்.

நான் டிரம்காரரைப் பார்த்தேன். குச்சிகள் அவர் மடியில் இருந்தன.

 ராமதுரை கத்தினார்: "ஐயோ, இது நாங்க இல்லீங்க!"

வாத்தியக்காரர்களை நடத்தும் கைக்கோலை வீசி எறிந்துவிட்டு ஓடினார். பிடில்காரர்கள் ஓடினார்கள், குழல்காரர் ஓடினார். சில்க் ஜிப்பாவோடு படுதாவின் மூலைகளைப் பிடித்து இழுத்தார்கள். காற்று அதைப் பிடுங்கியது. படுதாவின் மேல் கடைசிக் கல்லை ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது.

நெல் தப்பியது. தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் பனிக்காலத்தை வாசிக்கவே முடியவில்லை.

கலை தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று நாமெல்லாம் பத்தி பத்தியாக எழுதுகிறோமே... அதில் இத்தனை ஆபத்து இருப்பது யாருக்குத் தெரியும்?

சொட்டச் சொட்ட நின்ற ராமதுரையின் தோளை நாயுடு தட்டினார்.

"வானத்தவுட நீதான் நல்லா வாசிச்சே, நைனா. ஆனா அடுத்த தபா, நெல்லு மூட்டையில ஏறினப்புறம் வா!"