நரம்பு சாய்ந்த பக்கம்

துளையிட்டு எடுத்த அந்த உருளைக் கல் முழங்கை நீளம் இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஈய நிறத்தில் ஊசி ஊசியாக ஆன்டிமனி உலோகத் தாது. அண்ணன் அதைக் கைக்குழந்தையைப்போல் ஏந்தி முதலாளியிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. மலேசியாவில், சிகாமட் ஊர்ப்பக்கத்துக் குன்றில் என்னோடு வேலை பார்த்த நில ஆய்வாளர். ஒரே தேவாலயம், ஒரே மங்குத் தட்டில் சோறு. வெயிலில் நான் சுருண்டு விழுந்த அன்று என் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தவர். நம்ப வைத்துத்தானே கழுத்தை அறுக்க முடியும்.

அந்தக் குன்று பூமிக்குள் அழுந்தி வெந்து உருமாறிய பாறை. அதன் வெடிப்புகளில் வெள்ளைப் படிகக்கல் நரம்பாக ஓடும். ஆன்டிமனி அதற்குள் இருக்கும். ஓரிடத்தில் தடிக்கும், நாலு எட்டு தள்ளிக் காணாமல் போகும். எங்கள் நரம்பு விரல் தடிமன்தான், தோண்ட லாயக்கில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். குறுக்கே துளைத்தால் அந்த விரல் தடிமன்தான் கிடைக்கும். நரம்பின் சாய்வோடே துளையை இறக்கினால் நெடுகத் தாது வரும். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக நான் ஜொகூர் பாருவில் இருந்த வாரம், அண்ணன் அப்படித்தான் இறக்கியிருந்தார்.

“என்னண்ணே இது?” என்றேன்.

“நீ அவசரப்பட்டுச் சொல்லிட்டம்மா. உள்ள நெறைய இருக்குலா,” என்றார், முதலாளி காதுபட.

அண்ணன் தலைமை ஆய்வாளரானார். பிறகு வெளியாட்கள் வந்து குறுக்கே துளைத்தார்கள், விரல் தடிமன்தான். முதலாளி கேட்டபோது அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “சாய்வு அந்தப் பொண்ணு அளந்து கொடுத்ததுதான் பாஸ். வேணும்னா கேட்டுப் பாருங்க.” கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்குமேல் நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. என் வேலை போயிற்று.

வேலை போனதைக்கூட மறந்துவிட்டேன். அம்மாவின் அறுவைச் சிகிச்சை வாரத்தில், ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் போன் செய்ததைத்தான் மறக்க முடியவில்லை. “அம்மா எப்படிம்மா இருக்காங்க? நீ சாப்பிட்டியா?” எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு, “அந்த நரம்பு எந்தப் பக்கம், எவ்வளவு சாயுது?” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

இப்போது ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் கட்டட மனைகளுக்கு மண் பார்க்கிறேன். அம்மா நலமாக இருக்கிறார். யாராவது போனில் அம்மாவை விசாரித்தால் பதில் சொல்லிவிட்டு, அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று காத்திருக்கிறேன்.